31 நாளுக்கு 21 உடுப்பு போதுமா?

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். பாம்பனில் இருக்கிறீர்கள், தினமும் பஸ் ஏறி ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறீர்கள். மூன்று வருடமாக ஓய்வு நேரத்தில் நீங்களே தைத்தது 21 உருப்படி: குர்த்தி 8, சட்டை 2, பாவாடை 3, பலாசோ (அகலக் கால்சட்டை) 2, நீளக் கவுன் 2, ரவிக்கை 4. வருகிற மே மாதம் 31 நாளும் இவற்றையே உடுத்தி, நாளுக்கு ஒரு படம் போட ஆசை. அதற்கு இன்னும் பத்து தைக்க வேண்டுமா, கடற்கரை வெயிலில் வண்ணம் வெளுக்காமல் எப்படிக் காப்பது, சாயம் போகும் சுங்குடிப் பாவாடையை உப்பிலோ வினிகரிலோ ஊறவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "மறுபடியும் அதே பாவாடையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது. மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் வருபவை.

நான் உச்சிப்புளியில் 23 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பெரியம்மாவிடம் கற்றுக்கொண்டது. இப்போது மதிய நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். துணி, வெட்டு, தையல், துவைப்பு இவற்றில் என் பேச்சை நம்பலாம். சாயப்பட்டறையில் நான் வேலை பார்த்தவள் இல்லை, அதனால் சாயத்தைப் பற்றிச் சொல்லும்போது எது உறுதி, எது என் கடை அனுபவம் மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன். படம் எடுப்பது எனக்கு வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பும் அளவுக்குத்தான் தெரியும்.

முதலில், பத்து தைக்க வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம் என்பேன். மே மாதம் முழுக்கத் தான் தைத்ததை உடுத்தும் வழக்கத்தை 2010-இல் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்துக்காரரான ஸோயி எட்வர்ட்ஸ். 'மீ மேட் மே' என்று பெயர். அதில் சேருபவர் ஒவ்வொருவரும் தனக்கு ஏற்ற விதியைத் தானே எழுதிக்கொள்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் என்றும் வைக்கலாம், தினம் ஒன்று என்றும் வைக்கலாம். தினமும் படம் போட்டே ஆகவேண்டும் என்றோ, மாதம் பிறப்பதற்குள் அவசர அவசரமாகத் தைத்துக் குவிக்க வேண்டும் என்றோ அதில் கிடையாது. கையில் இருப்பதை உடுத்திப் பார்த்து, எது உதவுகிறது, எது பெட்டியில் தூங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் அந்த மாதம். ஒரே பாவாடை ஐந்து முறை வருவது குறை இல்லை. அந்தப் பாவாடைதான் உங்கள் கைவேலையில் நன்றாக வந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

அவசரத்தில் தைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்திருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு முந்தின பத்து நாளில் எனக்கென்று ஐந்து ரவிக்கை தைத்தேன். துணியை நனைத்துக் காயவைக்க நேரம் இல்லை, அப்படியே வெட்டினேன். முதல் துவைப்பில் மூன்று சுருங்கி, கை மேலே ஏறிப் போனது. பருத்தி முதல் துவைப்பில் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். கைத்தறி அதற்கு மேலும் சுருங்கும். உள்ளே தையலுக்குத் துணியும் குறைவாக விட்டிருந்தேன், பிரித்துத் தளர்த்த வழியே இல்லை. அந்த மூன்றும் இன்றுவரை யாருக்கும் ஆகவில்லை.

சரி, 21-ஐ வைத்து 31 நாளை எப்படி ஓட்டுவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே போடுவது பத்து, கீழே போடுவது ஐந்து. காகிதத்தில் 50 ஜோடி. அதில் முழங்காலுக்குக் கீழே வரும் நீளக் குர்த்தி நான்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். அவை மூன்று பாவாடைகளோடும் சேராது, நீளத்துக்கு மேல் நீளம் விழுந்து ஆள் குள்ளமாகத் தெரியும். 12 போனால் 38. அதில் பாதி நிறம் ஒத்துவராது என்றே வைத்துக்கொள்வோம், 19 நிற்கும். கவுன் இரண்டு. ரவிக்கை நான்கையும் கடைப் புடவையோடு கட்டிக்கொள்ளுங்கள். புடவை நீங்கள் நெய்யவில்லைதான், ஆனால் ரவிக்கை வெட்டத் தெரிந்தவருக்குத்தான் தெரியும் அதில் எவ்வளவு வேலை என்று. அதைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். மொத்தம் 25 நாளுக்கு 25 விதம். மிச்சம் ஆறு நாள் உங்களுக்குப் பிடித்ததைத் திருப்பி உடுத்தலாம்.

அந்த 'ஒத்துவராத' பாதியைச் சேர்த்துவைக்க ஒரு வழி இருக்கிறது. தைத்தே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால் இதைச் செய்யுங்கள். பரமக்குடிப் பருத்தியில் அரக்கு நிறமோ கருநீலமோ ஒரே ஒரு மீட்டர் எடுங்கள். எடுத்ததும் நனைத்துக் காயவையுங்கள். கிராஸாக, அதாவது மூலைவாட்டில், ஒன்றேகால் அங்குலப் பட்டியாக வெட்டினால் ஓரத்தில் வைக்கும் பைப்பிங் 20 மீட்டருக்கு மேல் கிடைக்கும். அதையே ஆறேழு உடுப்பின் கழுத்திலும் கை ஓரத்திலும் பை வாயிலும் வைத்துவிடுங்கள். கிளிப்பச்சைக் குர்த்தியும் கத்தரிப்பூ நிறப் பலாசோவும் இதுவரை ஒன்றோடு ஒன்று பேசாமல் இருந்திருக்கும். இரண்டிலும் அதே அரக்கு ஓரம் ஓடினால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும். காரைக்குடிக் கண்டாங்கியைப் பாருங்கள், கடுகு மஞ்சள், அரக்கு, கருப்பு என்று எடுப்பான நிறங்கள்தான், ஆனால் கட்டமும் கரையும் அதே இரண்டு மூன்று நிறத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வதால் கண்ணை உறுத்துவதில்லை. வண்ணம் நிறைய இருப்பதில் தப்பே கிடையாது. திரும்பி வரும் நிறம் ஒன்று இருந்தால் போதும்.

மே மாதம்தானா என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். இங்கிலாந்தில் மே வசந்தம். நமக்கு மே 4-இலிருந்து 28 வரை கத்திரி. பாம்பனில் காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிடும். என்னைக் கேட்டால் நம் கரைக்கு ஏற்றது தை மாதம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், துணி காயும், உடம்பில் துணி ஒட்டாது. ஆனால் ஊரெல்லாம் மே மாதத்தில் செய்யும்போது கூடவே செய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. மேயிலேயே செய்வதானால் லைனிங் வைத்த உடுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள், பஸ்ஸில் போகும் நாளுக்கு ஒற்றைத் துணிப் பருத்தி மட்டும்.

இனி வண்ணம். வெளுப்பதற்கு முதல் காரணம் வெயில். இதில் சந்தேகமே இல்லை. சூரிய ஒளி சாயத்தை உடைக்கும், ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக உடைக்கும். வியர்வை பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் சில சாயங்கள் சீக்கிரமே போய்விடும். அதனால்தான் குர்த்தியின் தோளும் முதுகும் முதலில் வெளுக்கின்றன, அக்குள் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது. சில வருடம் முன்பு கடை வாசலில் கிழக்குப் பார்த்து மூன்று குர்த்தியை மாட்டிவைத்தேன், பார்வைக்கு. ஒரு மாதம் கழித்து எடுத்தால் தோள் மடிப்பில் கோடு போட்ட மாதிரி வெளுப்பு. தண்ணீரே படாத துணி அது. உங்கள் கிளிப்பச்சை மஞ்சளாகத் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை பெரும்பாலும் நீலமும் மஞ்சளும் கலந்த சாயம், இரண்டும் ஒரே வேகத்தில் போகாது. நீலம் முந்திப் போனால் மஞ்சள் தெரியும். போன நிறத்தைத் துவைப்பில் மீட்க முடியாது, மிச்சத்தைக் காக்கலாம்.

காப்பதற்கு நான் செய்வது இவ்வளவுதான். வீடு வந்ததும் உடுப்பைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசிவிடுவேன், அன்றைக்கே. வியர்வையும் காற்றில் வந்து படிந்த உப்பும் அதில் போய்விடும். சோப்பு மறுநாள்கூடப் போடலாம். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துவேன். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் கடற்காற்றில் இரவு முழுக்கக் கிடந்த துணி காலையில் நசநசவென்றுதான் இருக்கும். அதை மடித்து உள்ளே வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். கஞ்சி போட்ட துணி என்றால் இன்னும் சீக்கிரம். மே மாதம் முடியும்வரை கஞ்சியே வேண்டாம், பூச்சிக்கும் அது சாப்பாடு.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பெரும்பாலும் உப்பும் கடினமும் கலந்தது. சோப்பு அதில் நுரைக்காமல் மாவு மாதிரித் திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், நிறம் மங்கித் தெரியும். நிறையப் பேர் "சாயம் போய்விட்டது" என்று கொண்டுவரும் துணியில் பாதி இந்தப் படிவுதான். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு வாளி ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். அதில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் படிவு கரையும். வினிகருக்கு இருக்கும் வேலை அதுதான். பருத்தியில் சாயத்தை 'பிடித்துவைக்கும்' என்று சொல்வது சரியல்ல, பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றும்போது புளிப்பு உதவுவதைக் கேட்டு யாரோ பருத்திக்கும் சொல்லிவிட்டார்கள்.

உப்பு விஷயமும் அப்படித்தான். சாயத் தொட்டியில் உப்புப் போடுவார்கள், சாயம் நூலுக்குள் போவதற்கு. சாயம் ஏறி, கடைக்கு வந்து, தைத்தும் முடிந்த துணியை உப்பில் ஊறவைத்தால் அந்த ஒரு தண்ணீரில் சாயம் குறைவாக இறங்கும். அடுத்த துவைப்பில் பழையபடி இறங்கும். என் கடை அனுபவமும் இதுவே. உங்கள் சுங்குடிக்கு முதலில் தெரியவேண்டியது, இறங்குவது மிச்சச் சாயமா, சாயமே நிற்காத துணியா என்பது. நல்ல சாயத்திலும் நூலோடு சேராத மிச்சம் முதல் மூன்று நான்கு துவைப்பில் வரும், பிறகு நின்றுவிடும். ஐந்தாவது துவைப்பிலும் தண்ணீர் சிவந்தால் அது கடைசிவரை சிவக்கும். அப்படிப்பட்ட பாவாடையைத் தனியாகவே துவைக்க வேண்டும், வெளிர் நிற மேல்சட்டையோடு வியர்க்கும் நாளில் போடக்கூடாது. சோதித்துப் பார்க்க, பாவாடையின் உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் பதில் கிடைத்துவிட்டது.

சாயம் பேசும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கடற்கரை மணலில் இம்பூறல் என்று ஒரு சின்னச் செடி முளைக்கும். அதன் வேர்தான் சாயவேர். படிகாரத்தோடு சேர்ந்தால் பருத்தியில் சிவப்பு ஏறும். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்கு ஒரு காலத்தில் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த வேர். நீங்கள் காலை வைத்து நடக்கும் மண்ணுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது, வண்ண உடுப்பு போட்டு நிற்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

உப்புக் காற்று துணியைவிட இரும்பைச் சீக்கிரம் தின்னும். கொக்கி, பிரஸ் பட்டன், இரும்பு ஜிப் மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். துருக்கறை ஏறினால் அந்த இடம் பிறகு ஓட்டையாகும். பிளாஸ்டிக் ஜிப், தேங்காய்ச் சிரட்டை பட்டன், துணி முடிச்சு இவை இந்தக் கரைக்குப் பொருந்தும்.

அப்புறம், இந்த மாதத்தில் படத்தைவிட முக்கியமாக ஒன்றைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி. எங்கே இறுக்கியது, எதை எத்தனை தடவை இழுத்துவிட்டீர்கள், பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தபோது பின்பக்கம் எப்படி இருந்தது. கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நின்றால் எல்லா உடுப்பும் நன்றாகத்தான் இருக்கும். பத்து மணி நேரம் உடம்பில் கிடந்தால்தான் குணம் தெரியும். எங்கள் கடைக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் வருவார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு கடலில் இறங்கி வேலை செய்கிறவர்கள். கை தூக்கினால் அக்குள் பிடிக்கக்கூடாது, ஓரம் பிரியக்கூடாது. அவர்கள் சொன்ன குறைகளில்தான் நான் அக்குள் வெட்டைச் சரியாகக் கற்றேன். அக்குள் ஆழமாக இறங்கினால் கை தாராளமாக இருக்கும் என்று புதிதாகத் தைப்பவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. ஆழம் கூடினால் கையைத் தூக்கும்போது மொத்தக் குர்த்தியும் மேலே வரும். பஸ் கம்பியைப் பிடிக்கிற உங்களுக்கு இது தினமும் தெரியும். சரிசெய்ய, மிச்சத் துணியில் மூன்று அங்குலச் சதுரம் வெட்டி அக்குளில் வைத்துத் தையுங்கள், அரைமணி நேர வேலை. கழுத்து தோளில் வழுக்கினால் உள்ளே சின்னத் தோள் பட்டி. குர்த்தியின் பக்கத் திறப்பு பாம்பன் பாலக் காற்றில் பறந்தால் இரண்டு அங்குலம் கீழே வரை மூடிவிடுங்கள். பாவாடை பறந்தால் அடிமடிப்பை இரண்டரை அங்குலமாக்குங்கள், துணியின் கனமே அதை நிறுத்தும். இப்படி வாரத்துக்கு ஒன்றைத் திருத்தி, திருத்தியதையும் படமாகப் போடுங்கள். என்னைப் போன்றவர்கள் நின்று பார்ப்பது அதைத்தான்.

படம் எடுப்பதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். உச்சி வெயிலில் எடுத்தால் மணல் வெளிச்சத்தில் முகம் கறுத்து, மஞ்சளும் வெளிர் பச்சையும் வெளுத்துப்போகும். காலை ஏழரைக்கு முன்னாலோ மாலை ஐந்துக்குப் பிறகோ எடுங்கள். அடர் சிவப்பு போனில் மொத்தையாக விழும், தையல் தெரியாது, நிழலில் நின்று எடுத்தால் தெரியும். மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பும் காலம், மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது நம் ஆட்கள் ஆண் கடல் என்று சொல்லும் பக்கம், அலை கூடும். பாக் விரிகுடாப் பக்கம், பெண் கடல், அடங்கிக் கிடக்கும். பாவாடை நிற்கவேண்டிய படத்துக்குப் பெண் கடல் கரை, துப்பட்டா பறக்கவேண்டிய படத்துக்கு ஆண் கடல் கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், பல படகுக்குப் புது பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வண்ணத்துக்கு அதைவிட நல்ல பின்னணி எங்கே கிடைக்கும்? படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள், தொட்டுப் பார்த்துவிட்டும் சாயுங்கள், ஈரப் பெயின்ட் துணியில் பட்டால் போகாது.

முகம் காட்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கீழக்கரையிலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பிள்ளை கை ஓரத்தையும் உள்தையலையும் காஜாவையும் (பட்டன் துளை) மட்டுமே எடுத்துப் போடும், அழகாக இருக்கும். வீட்டு வாசல், அலுவலக அடையாள அட்டை, தினம் ஏறும் பஸ் நிறுத்தம் இவை படத்தில் விழாமல் பாருங்கள். அன்றன்றைக்கே போடாமல் இரண்டு நாள் தள்ளிப் போடுவதும் நல்லது.

இனி உங்கள் கடைசி வரி. "மறுபடியும் அதே பாவாடையா?" என்று கேட்டால், "ஆமாம், நான் தைத்தது, இது நாலாவது தடவை" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் "எங்கே துணி எடுத்தீங்க, எனக்கு ஒண்ணு தைச்சுத் தருவீங்களா" என்று வரும். என் கடை வளர்ந்ததே அப்படித்தான், நானே உடுத்திக்கொண்டு பஸ்ஸில் போய் வந்து. தைத்துத் தருவதா வேண்டாமா என்று அதற்குள் முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள், கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டு நான் பல ராத்திரி விழித்திருக்கிறேன்.

எதனோடும் சேரவில்லை என்று எழுதிய அந்தக் கடுகு மஞ்சள் கவுனை மட்டும் ஒதுக்காதீர்கள். இடுப்புக்குச் சுங்குடித் துணியில் ஒரு நாடா போதும், பாவாடையின் மிச்சம் கால் மீட்டர் இருந்தால் அதிலேயே ஆகும். ஆனால் இஸ்திரிப் பெட்டிச் சோதனையை முடித்துவிட்டுத் தையுங்கள்.